நம் நிறத்துக்கு சன்ஸ்கிரீன் தேவையா? பிரிஸ்பேனிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு தோல் மருத்துவரின் பதில்

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பிரிஸ்பேனுக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. மகளின் பள்ளியில் தொப்பி இல்லாவிட்டால் மைதானத்தில் விளையாட விடுவதில்லை, சன்ஸ்கிரீனும் தடவி அனுப்பச் சொல்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் உங்கள் மாமியார், "வெயில்லயே பொறந்து வளர்ந்த நமக்கு எதுக்கு இந்தக் களிம்பு, அது வெள்ளைக்காரங்களுக்கு வர்ற வியாதி" என்கிறார். கணவருக்கு வீட்டுக் கூரைகளில் சோலார் பலகை பொருத்தும் வேலை. சன்ஸ்கிரீன் தடவினால் வைட்டமின் டி குறைந்துவிடுமோ என்ற கவலையும் உங்களுக்கு இருக்கிறது. யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கெல்லாம் அடியில் இருக்கிற கேள்வி, கருத்த தோலுக்கும் புற்றுநோய் வருமா, வந்தால் உடம்பில் எங்கே வரும் என்பதுதான்.

கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். மாமியாரின் குதிகாலில் ஒரு வருடமாகக் கருப்பாக ஒன்று இருக்கிறது, செருப்பு உராய்ந்த காய்ப்பு என்று அவர் சொல்கிறார் என்று. அந்த வரியைப் பார்த்துத்தான் இன்றே எழுத உட்கார்ந்தேன். அதை இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன், ஆனால் மற்றதைப் படிக்கும் முன் நேரம் வாங்கிவிடுங்கள்.

நான் சென்னையில் படித்துவிட்டு, இருபது வருடத்துக்கு மேலாகத் தென்மாவட்டம் ஒன்றில் தோல் மருத்துவராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் வயலிலும் உப்பளத்திலும் நாள் முழுக்க நிற்கிறவர்கள். ஆஸ்திரேலியாவில் நான் வேலை பார்த்ததில்லை. அந்த ஊர் விஷயங்களைப் படித்ததை வைத்தும், நம் தோலைப் பற்றியதைக் கண்ணால் பார்த்ததை வைத்தும் எழுதுகிறேன்.

உங்கள் மாமியார் சொல்வதில் பெரும்பகுதி சரி. நம் தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமி, புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் குடை மாதிரி வேலை செய்கிறது. 1979-இல் அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். வெள்ளையரின் மேல்தோல் வழியாக யூவி-பி என்ற வகைப் புற ஊதாக் கதிரில் 24 சதவீதம் உள்ளே போனது. கருப்பினத்தவரின் மேல்தோல் வழியாகப் போனது 7 சதவீதம்தான். சன்ஸ்கிரீன் டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப், அதாவது வெயிலைத் தடுக்கும் திறனைச் சொல்லும் எண், அந்தக் கணக்கில் சொன்னால், வெள்ளைத் தோலுக்கு இயற்கையாகவே 3 இருந்தால், கருத்த தோலுக்கு 13 இருக்கிறது. இன்னொன்றும் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் மூன்றில் இரண்டு பேருக்கு 70 வயதுக்குள் ஏதாவது ஒரு தோல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. இந்தியாவில் எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்தால் தோல் புற்றின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இத்தனைக்கும் சென்னை வெயில் பிரிஸ்பேன் வெயிலுக்கு இளைத்ததில்லை. ஏப்ரலில் இங்கேயும் நண்பகலில் யூவி அளவு, அதாவது புற ஊதாக் கதிரின் பலத்தைக் காட்டும் எண், 11-ஐத் தாண்டும், டிசம்பரில்கூட 8-ஐ ஒட்டி நிற்கும். அவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம், அந்த வெயிலுக்காக உருவாகாத ஐரோப்பியத் தோல் அங்கே போய்க் குடியேறியதுதான்.

ஆனால் ஒன்றை மாமியாருக்கு நினைவுபடுத்தலாம். "நாங்க எதையும் போட்டதில்ல" என்று அவர் தலைமுறை சொன்னாலும், களையெடுக்கப் போகிற பெண்களைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. காலை ஏழு மணிக்கே இறங்கி, உச்சி வெயிலில் மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். ஆஸ்திரேலியாவில் 1981-இல் ஒரு சீகல் பறவை கார்ட்டூனை வைத்துப் பிரசாரம் தொடங்கினார்கள்: சட்டையைப் போடு, களிம்பைத் தடவு, தொப்பியை வை. அதில் சட்டைதான் முதலில் வருகிறது. அந்தச் சட்டை நம் வயல்களில் எப்போதும் இருந்தது.

மெலனின் இருந்துவிட்டால் போதும், கதிர் ஒன்றும் செய்யாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை எனக்குப் புரியவைத்தது ஒரு அக்காவும் தம்பியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்தார்கள், அக்காவுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. பெற்றோர் தாய்மாமன் முறையில் திருமணம் செய்தவர்கள். இரண்டு பிள்ளைகளும் நல்ல கருப்பு. முகம் முழுக்க மிளகைத் தூவினாற்போல் புள்ளிகள். அறைக்குள் வந்ததும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்ப மறுத்தார்கள், நானே எழுந்து போய்த் திரையை இழுத்துவிட்டேன். அக்காவுக்கு மூக்கின் ஓரத்தில் ஆறாத புண் ஒன்று. சதையெடுத்துப் பார்த்ததில் புற்று. ஒன்பது வயதில்.

அந்த நோய்க்குப் பெயர் சீரோடெர்மா பிக்மென்டோசம். வெயில் பட்டதும் யூவி-பி கதிர், தோல் செல்லின் டிஎன்ஏவில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். நம் எல்லோருக்கும் தினமும் இது நடக்கிறது. செல்லுக்குள் இருக்கும் பழுதுபார்க்கும் நொதிகள் ஒட்டிய துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பிவிடும். அந்தப் பிள்ளைகளுக்கு இந்தப் பழுதுபார்ப்பு பிறவியிலேயே வேலை செய்யவில்லை. 1968-இல் ஜேம்ஸ் கிளீவர் என்ற விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தார். இருவருக்கும் மெலனின் நிறைய இருந்தது, அப்படியும் கதிர் உள்ளே போய்ச் சேதம் செய்தது. ஆக, நம்மைக் காப்பவர்கள் இரண்டு பேர்: வாசலில் நிற்கும் மெலனின், உள்ளே வேலை பார்க்கும் பழுதுபார்ப்பு. இரண்டில் ஒன்று பழுதானாலும் நம் நிறத்து ஆளுக்கும் வெயில் புற்றைக் கொண்டுவரும்.

அதனால் பொது விதிக்கு விலக்கானவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறவியிலேயே நிறமி இல்லாத அல்பினிசம் உள்ளவர்கள், சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்று செய்துகொண்டு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சோரியாசிஸ் மாதிரி நோய்க்கு நீண்ட காலம் ஒளிச்சிகிச்சை எடுத்தவர்கள். இவர்கள் இந்தியாவில் இருந்தாலும் சரி, பிரிஸ்பேனில் இருந்தாலும் சரி, வெயிலிலிருந்து கண்டிப்பாகக் காத்துக்கொள்ள வேண்டும். வெண்புள்ளி உள்ளவர்களுக்கு அந்த இடங்கள் சீக்கிரம் வெந்துபோகும், அங்கே சன்ஸ்கிரீன் தேவை. (தயவுசெய்து யாரும் இதை 'வெண்குஷ்டம்' என்று சொல்ல வேண்டாம். தொழுநோய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த ஒரு சொல்லால் கல்யாணம் நின்றுபோன பெண்களை எனக்குத் தெரியும்.)

இனி சன்ஸ்கிரீன். அது தோல் புற்றைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. பிரிஸ்பேனுக்கு வடக்கே சுமார் நூறு கிலோமீட்டரில் நாம்பூர் என்ற ஊர். 1992-இல் அங்கே 1,621 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தினமும் முகம், கழுத்து, கைகளில் தடவச் சொல்லிச் சன்ஸ்கிரீன் கொடுத்தார்கள். மறு பாதி தங்கள் இஷ்டம்போல் இருந்தார்கள். நாலரை வருடத்தில், தினமும் தடவியவர்களிடம் ஸ்குவாமஸ் செல் புற்று என்ற வகைத் தோல் புற்று ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. பேசல் செல் புற்று என்ற இன்னொரு வகையில் வித்தியாசம் இல்லை. ஆய்வு முடிந்த பின்னும் பத்து வருடம் அவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். நிறமி செல்களில் தொடங்கும் ஆபத்தான தோல் புற்றை மெலனோமா என்போம். இஷ்டம்போல் இருந்தவர்களில் 22 பேருக்கு அது வந்தது, தினமும் தடவியவர்களில் 11 பேருக்கு. அடெல் கிரீன் என்ற பெண் விஞ்ஞானி நடத்திய ஆய்வு இது.

இதுவரை நிச்சயம். சந்தேகம் தொடங்கும் இடம் இதற்கு அடுத்தது. நாம்பூரில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். கருத்த தோல் உள்ளவர்களிடம் சன்ஸ்கிரீன் புற்றைக் குறைக்கிறது என்று நிரூபித்த இப்படி ஓர் ஆய்வு கிடையாது. நிரூபிப்பதும் கடினம், ஏனென்றால் நம்மிடம் அந்த நோயே அவ்வளவு அரிது. வருடக்கணக்கில் ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்தாலும் எண்ணுவதற்கு நோயாளிகள் கிடைக்க மாட்டார்கள். ஆகவே "எல்லோரும் தினமும் தடவினால்தான் புற்று வராது" என்று நம் ஊர் விளம்பரங்களில் வருவதற்கு ஆதாரம் இல்லை. ஆஸ்திரேலிய நிபுணர்களே கூடி இதைப் பேசினார்கள். எல்லோருக்கும் ஒரே அறிவுரை என்பதை விட்டுவிட்டு, பெரியவர்களைத் தோலின் நிறத்தையும் ஆபத்தையும் பார்த்து மூன்று பிரிவாக்கினார்கள். மிகக் கருத்த தோல் உள்ளவர்களுக்கு அன்றாடம் சன்ஸ்கிரீன் தேவையில்லை, நீண்ட நேரம் வெளியில் இருக்கும்போது மட்டும் போதும் என்பது அவர்கள் முடிவு. உங்கள் மாமியார் கேட்டால் சந்தோஷப்படுவார்.

ஆனால் 'நம் நிறம்' என்பது ஒரே நிறம் இல்லையே. ஒரே வீட்டில் அப்பா நல்ல கருப்பு, அம்மா மாநிறம், சித்தி சிவப்பு என்று இருப்போம். தோல் மருத்துவத்தில் வெயிலுக்குத் தோல் எப்படி மாறுகிறது என்பதை வைத்து ஆறு வகை சொல்வோம். தமிழர்கள் நாலாம் வகையிலிருந்து ஆறாம் வகை வரை பரவியிருக்கிறோம். உங்கள் மகளை ஒரு நாள் கடற்கரைக்குக் கூட்டிப்போய் வந்தால் தோல் எரிகிறதா, சிவக்கிறதா, உரிகிறதா என்று கவனியுங்கள். அப்படி ஆனால் அவள் அந்த மூன்றில் நடுப்பிரிவில் இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டு பள்ளி சொல்கிறபடி தடவிவிடுங்கள். ஆகவில்லை என்றாலும், அவள் அந்த ஊரில் வாழப்போகிறவள், இன்னும் அறுபது எழுபது வருட வெயில் பாக்கி இருக்கிறது. விளையாட்டு நாள், நீச்சல் நாள், கடற்கரை என்றால் தடவுங்கள்.

தொப்பியை மட்டும் நிறம் எதுவானாலும் விட வேண்டாம். கண்ணுக்கு மெலனின் குடை பிடிப்பதில்லை. உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்களின் கண்ணைப் பார்த்தால் தெரியும். நாற்பது வயதுக்குள் கருவிழியை நோக்கி மூக்குப் பக்கத்திலிருந்து இளஞ்சிவப்பாகச் சதை படர்ந்திருக்கும். மேலே வெயில், கீழே வெள்ளை உப்பிலிருந்து எதிரொளிக்கும் வெயில். கண்புரைக்கும் புற ஊதாக் கதிர் ஒரு காரணம். அகலமான விளிம்புத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் நமக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் ஒன்றுதான்.

ஒரு தாயிடம் சொல்வதாக நினைத்து இதையும் சொல்கிறேன். மகளுக்குத் தடவும்போது "வெயில்ல போனா கருத்துப் போயிடுவே" என்று சொல்லாதீர்கள். என்னிடம் வருகிற கல்லூரிப் பெண்களில் பலர் அந்தப் பயத்தோடுதான் வளர்ந்திருக்கிறார்கள். அதன் பின்னால் கடையில் விற்கும் ஸ்டீராய்டு கலந்த வெளுப்புக் களிம்பைப் போட்டு முகம் சிவந்து, மெலிந்து, முடி முளைத்து வந்து அழுகிறார்கள். கண்ணுக்கும் தோலுக்கும் நல்லது என்று சொன்னாலே குழந்தைக்குப் புரியும்.

உங்கள் கணவரின் வேலை வேறு கணக்கு. எட்டு மணி நேரம் கூரைமேல், நிழலே கிடையாது. அவர் எவ்வளவு கருப்பாக இருந்தாலும் 'நீண்ட நேரம் வெளியில்' என்ற பிரிவில்தான் வருகிறார். அவருக்குக் களிம்பைவிட உடைதான் முதலில். நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, கழுத்தின் பின்பக்கம் மறைக்கும் துணி வைத்த தொப்பி. மெல்லிய வெள்ளைப் பனியன் அவ்வளவாகத் தடுக்காது, நனைந்தால் இன்னும் மோசம். துணி மூடாத முகம், காது, பின்கழுத்து, புறங்கைக்கு சன்ஸ்கிரீன். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனிவரை ஒவ்வொரு கோடு பிதுக்குகிற அளவு வேண்டும். கடுகளவு எடுத்து முகமெல்லாம் தேய்த்தால் டப்பாவில் போட்டிருக்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. வியர்க்கிற வேலை என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் தடவ வேண்டும். வெயில் சுடவில்லையே என்று பார்த்து முடிவெடுக்க வேண்டாம். சூடு வேறு, புற ஊதா வேறு. குளிர்ந்த காற்றடிக்கும் அக்டோபர் நாளிலும் பிரிஸ்பேனில் யூவி அளவு 8-ஐத் தாண்டும். அங்குள்ள வானிலைத் துறை தினமும் வெளியிடுகிறது, 3-உம் அதற்கு மேலும் என்றால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. போன் கையில் இல்லை என்றால் தன் நிழலைப் பார்க்கட்டும். நிழல் ஆளைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் பலமாக இருக்கிறது.

வைட்டமின் டி பற்றிய உங்கள் கவலை நியாயமானது. நம் தோலுக்கு அதே அளவு வைட்டமின் டி தயாரிக்க வெள்ளைத் தோலைவிட அதிக நேரம் வெயில் வேண்டும். வீட்டுக்குள்ளேயே வேலை, காரிலேயே பயணம் என்றால் பிரிஸ்பேனிலும் குறையும். ஜன்னல் ஓரம் உட்கார்வது உதவாது, கண்ணாடி யூவி-பியைத் தடுத்துவிடும். நீங்கள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உங்களுக்கு என் அறிவுரை, தினமும் கை கால் தெரிய வெளியே நடந்துவிட்டு வாருங்கள், அந்த நடைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம். முகத்தில் மங்கு இருந்தால் முகத்துக்கு மட்டும் தடவுங்கள், அதுவும் தோல் நிறம் கலந்த வகையாக. மங்கைக் கிளப்புவதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்கு உண்டு, நிறமில்லாத சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. சந்தேகமாக இருந்தால் ரத்தத்தில் அளவு பார்த்து மாத்திரை எடுத்துக்கொள்ளலாம்.

இனி குதிகாலுக்கு வருகிறேன். நம்மவர்களுக்குத் தோல் புற்று வரும்போது அது பல சமயம் வெயில் படாத இடத்தில், வேறு வேடத்தில் வருகிறது. பல வருடத்துக்கு முன் ஏற்பட்ட தீக்காயத் தழும்பில் ஒரு புண் கிளம்பி ஆறாமல் இருக்கும். காஷ்மீரில் குளிருக்கு நெருப்புச் சட்டியை உடம்போடு அணைத்துக்கொள்வதால் வயிற்றிலும் தொடையிலும் வருவதை 'காங்கிரி புற்று' என்றே சொல்வார்கள். வேட்டியை இடுப்பில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டிக் கட்டி வந்த புற்றைப் பற்றி 1945-லேயே நம் நாட்டில் எழுதியிருக்கிறார்கள். மெலனோமா நம்மிடம் அரிது, ஆனால் வருவதில் பெரும்பகுதி உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்துக்கு அடியிலும் வருகிறது. அதற்கும் வெயிலுக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. காலில் படும் அழுத்தமும் உராய்வும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள், அது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டுபிடித்தது இந்த வகைதான். 1981-இல் இறந்தபோது அவருக்கு 36 வயது.

ஏழெட்டு வருடத்துக்கு முன் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா வந்தார். காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்ததும் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டது காய்ந்து பொருக்காக உதிர்ந்தது. கழுவித் துடைத்துப் பார்த்தால் முன்பாதத்தில் ஒரு ரூபாய் அளவுக்குக் கருப்பு, ஓரங்கள் ஒழுங்கில்லாமல், நடுவில் புண். ஆணிக்கால் என்று ஒன்றரை வருடம் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறார். தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை. ஒன்றரை வருடம் முன்னால் வந்திருந்தால், சின்ன அறுவை சிகிச்சையோடு வீட்டுக்குப் போயிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

உங்கள் மாமியாருக்கு இருப்பது அதுதான் என்று நான் சொல்லவில்லை, காலைப் பார்க்காமல் சொல்லவும் முடியாது. படம் அனுப்ப வேண்டாம், படத்தை வைத்து நான் ஆறுதல் சொன்னாலும் அது தப்பாகப் போகலாம். குதிகால் கருப்புக்குச் சாதாரணக் காரணங்களே அதிகம். காய்ப்புக்குள் ரத்தம் கசிந்து உறைந்தாலும் கருப்பாகத்தான் தெரியும். மருத்துவர் பிளேடால் மேல்தோலை மெதுவாகச் சீவிப் பார்ப்பார், வலிக்காது. கருப்பு சீவலோடு வந்துவிட்டால் அது பழைய ரத்தம், கவலை இல்லை. வராவிட்டால் டெர்மோஸ்கோப் என்ற கைவிளக்கு லென்ஸை வைத்துப் பார்ப்பார். உள்ளங்காலில் கைரேகை மாதிரி மேடும் பள்ளமுமாகக் கோடுகள் உண்டு. சாதாரண மச்சத்தில் நிறம் பெரும்பாலும் பள்ளங்களில் ஓடும், மெலனோமாவில் மேடுகளில் ஓடும். அங்கே பல பொது மருத்துவர்களிடமே இந்தக் கருவி இருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். "கத்தி பட்டா பரவிடும்" என்று அவர் பயப்படுவார், எல்லோரும் பயப்படுகிறார்கள். சதையெடுத்துப் பார்ப்பதால் இந்தப் புற்று பரவுவதில்லை, பார்க்காமல் விடுவதால்தான் பரவுகிறது. அப்படியே இரண்டு கால்களின் நகங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் நிறத்தவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கருப்புக் கோடுகள் இருப்பது சகஜம். ஒரே நகத்தில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போகும் கோடும், நகத்திலிருந்து பக்கத்துத் தோலுக்குப் பரவும் கருப்பும்தான் பார்க்க வேண்டியவை.

ஏப்ரலில் ஊருக்குத் திரும்புகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.